முன்சீட்டில் உட்காருகிறவள்

மகனே,

இன்று காலை கோயிலில் உன் கல்யாணத்துக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். குருவானவர் உன் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் படித்துவிட்டு, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டு, வழக்கம்போலச் சபையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெண்கள் பக்கம் இருந்த அத்தனை பேரும் மாப்பிள்ளையின் அம்மா என்கிற முறையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நேற்று பகல் முழுவதும் காருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து, முன் சக்கரத்து பிரேக் வயர்களைச் சரிசெய்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் செய்தேன். தொடாதே என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் தொட்டேன்.

நீ எழுதியதை உனக்கே ஒருமுறை சொல்லிக்காட்டுகிறேன். கல்யாணத்துக்கு அப்பாவின் கார் வேண்டும், பெண்ணின் ஊரான நாசரேத்துக் கோயிலிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு நீயே ஓட்டி வரப்போகிறாய். சரி. பிரேக்கை மட்டும் ஒரு நல்ல மெக்கானிக்கை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும், நான் கை வைக்க வேண்டாம், பழைய விஷயம் நாசரேத்து வரைக்கும் போயிருப்பதால் பெண் வீட்டார் பயப்படுகிறார்கள். "உங்கள் மனசு நோகக் கூடாது" என்று கடைசியில் ஒரு வரி வேறு. எய்யா, மனசு நோகாமல் செருப்பால் அடிக்க உனக்கு எங்கே சொல்லிக்கொடுத்தார்கள்? சென்னைப் படிப்பிலா? பழைய விஷயம் என்கிறாய். அந்தப் பழைய விஷயம் உண்மையில் என்ன என்று தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருவர் கல்லறையில் இருக்கிறார். மற்ற இரண்டு பேர் நீயும் நானும். ஒரு நாளாவது நாம் அதைப் பேசியிருக்கிறோமா? இன்றைக்குப் பேசிவிடுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அடுப்பில் போட்டாலும் எனக்குச் சம்மதமே.

உன் அப்பாவின் இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் எப்படி மிஞ்சின என்று உனக்குத் தெரியும். அவுரி இலைப் பொதிகளைக் கொழும்புக் கப்பலுக்கு அனுப்பப் போன இடத்தில், தோணிக்கயிறு கையைக் கப்பலோரம் வைத்து நசுக்கிவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அந்தச் சின்னச் சீமைக் காரை அவர் வாங்கினது அதற்குப் பிறகு. சரக்குக் கிட்டங்கியில் இருந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. "கையி இருக்கும்போது மாட்டு வண்டி, கையி போனப்புறம் மோட்டாரா அண்ணாச்சி?" என்றார்கள். அவருக்கும் அது வீம்புதான். ஓட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார். வலது கை ஸ்டியரிங்கில், கியரை இடது உள்ளங்கையால் தள்ளிவிடுவார். எல்லாம் நடந்தது. வண்டியை நிறுத்துவது மட்டும் நடக்கவில்லை.

அந்தக் காரில் காலால் மிதிக்கிற பிரேக் பின் சக்கரங்களை மட்டுந்தான் பிடிக்கும். முன் சக்கரங்களைப் பிடிக்க இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு கைப்பிடிக் கம்பி. அதைப் பற்றி, விரலால் அமுக்கி, பின்பக்கம் இழுக்க வேண்டும். இழுத்தால் அடியில் ஓடுகிற வயர் இறுகி முன் சக்கரத்தைக் கவ்வும். இரண்டும் சேர்ந்து பிடித்தால்தான் வண்டி நிற்கும். அந்தக் கம்பியை இழுக்க உன் அப்பாவுக்கு விரல் இல்லை. ஊரில் கேட்டதற்கு, "முன்னால பிடிச்சா வண்டி குப்புறக் கவுந்துரும் அண்ணாச்சி, அது இல்லாம இருக்கதே நல்லது" என்று வண்டிக்காரர்கள் புத்தி சொன்னார்கள். அவரும் வயரை அவிழ்த்துத் தொங்க விட்டுவிட்டார். கடற்கரைச் சாலையில் ஒரு தென்னையில் கொண்டுபோய் முட்டினபிறகுதான், காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவதானே, என்ன எழுதியிருக்குன்னு சொல்லு" என்றார். படித்தேன். படித்துக்கொண்டே வயரைத் திரும்ப மாட்டினேன். வேறு யார் செய்வார்கள்?

அன்று முதல் நான் முன்சீட்டுக்கு வந்தேன். அவர் காலால் மிதிப்பார், "இழுளா" என்பார், நான் இழுப்பேன். கொஞ்ச நாளில் அவர் சொல்லவே தேவைப்படவில்லை. அவர் முழங்கால் அசைவதைப் பார்த்தால் என் கை தானாகப் போகும். எனக்கும் அவருக்கும் வீட்டில் ஒத்துப்போன விஷயம் ரொம்ப இல்லை. குழம்பில் புளி முதல் உன்னை எங்கே படிக்கவைப்பது வரைக்கும் எல்லாவற்றுக்கும் சண்டைதான். காரை நிறுத்துவதில் மட்டும் எங்களுக்குள் ஒரு பேச்சு வந்ததில்லை. ஊர் சும்மா இருக்குமா? புருஷன் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து போகிறவள் என்று கோயில் வாசலில் வைத்தே சொன்னார்கள். ஒருத்தி நேரே கேட்டாள்: "ஏளா, வண்டி அவுக ஓட்டுதாகளா, நீ ஓட்டுதியா?" நான் சொன்னேன்: "ஓட்டுதது அவுக. நிப்பாட்டுதது நான்." அதற்குப் பிறகு அவள் என்னிடம் கொஞ்ச காலம் பேசவில்லை. எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

உனக்குத்தான் அது பொறுக்கவில்லை. சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய். உலக யுத்தம் தொடங்கி, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த புதிது. புதுக் கால்சராய், புதுத் தொப்பி. உன் கூட்டாளிகள் கடற்கரையில் வைத்து, உங்கள் வீட்டுக் காருக்கு ரெண்டு டிரைவரா, ஏலே என்று கேட்டுவிட்டார்களாம். சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தாய். கோயில் அசன விருந்துக்கு நாசரேத்துக்குப் போகிற அன்று, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "அம்மா பின்னால உக்காரட்டும். நான் இழுத்துக்கிடுதேன்" என்றாய். நான் சொல்லிக்கொடுக்க வந்தேன். அப்பா மிதிக்கும்போதே இழுக்க வேண்டும், முழங்காலைப் பார்த்துக்கொண்டே வா என்றேன். "எனக்குத் தெரியாதாம்மா?" என்றாய். முற்றத்தில் வைத்து ஒருமுறை இழுத்தும் காட்டினாய். வண்டி நின்றது. முந்தின நாள்தான் நான் வயரைச் சரிசெய்திருந்தேன். நிற்காமல் என்ன செய்யும்?

நம் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டி அந்தப் பாலத்து இறக்கம். பக்கத்துப் பாதையிலிருந்து உப்பு மூட்டை ஏற்றின மாட்டு வண்டி ஒன்று ரோட்டில் ஏறியது. அப்பா மிதித்தார். ரோட்டில் மணல் கிடந்தது. பின் சக்கரம் உருளாமல் வழுக்கிக்கொண்டு போனது. "இழுலே! இழுலே!" என்று அவர் கத்தினதை நான் இன்றைக்கும் கேட்கிறேன். நான் பின்சீட்டில் உனக்கு நேர் பின்னால் இருந்தேன். உன் கை இரண்டும் எங்கே இருந்தன என்று பார்த்தேன். காற்றில் பறந்துவிடக் கூடாது என்று தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் எட்டி அந்தக் கம்பியைப் பிடிக்கப் பார்த்தேன். என் விரல் அதில் படுவதற்குள் மோதிவிட்டது.

வண்டிக்காரருக்குத் தொடை எலும்பு முறிந்தது. வலப்பக்க மாட்டுக்குக் கால் போய், அங்கேயே அதன் கதையை முடிக்க வேண்டியதாயிற்று. நமக்கெல்லாம் சிராய்ப்புதான். கூட்டம் கூடி, ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்போது நீ வாயைத் திறந்தாய். "பிரேக்கு வயரு பிடிக்கல. நேத்து அம்மாதான் முறுக்குனாங்க" என்றாய். பயத்தில் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன். பயந்த பிள்ளை வாயில் எதுவும் வரும். ஆனால் உன் அப்பா பயந்த பிள்ளை இல்லையே. அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே குனிந்து சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். நிமிர்ந்து, "ஆமா, லூசாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னால். நான் அந்த உப்புச் சிதறலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் காறித் துப்பினார். "பொம்பள கையில இரும்பக் குடுத்தா இப்படித்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சத்தமாகத்தான் கேட்டேன். நீ அடுத்த அறையில் இருந்தாய், உனக்கும் கேட்டிருக்கும். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஏளா, அவன் நாளைக்கு உத்தியோகம் பாக்கப் போற பிள்ளை. கைய கட்டிக்கிட்டு இருந்து ஒரு ஆள ஊனமாக்கிட்டான்னு பேரு வரலாமா? நீ வீட்டுக்குள்ள இருக்கவ. உனக்கு என்ன?" அந்த "உனக்கு என்ன" இருக்கிறதே, அது எனக்கு இன்னும் செமிக்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் கெட்டுப்போக ஒரு பெயர் இருந்தது. எனக்கு அப்படி ஒன்று இருப்பதாகவே உங்களுக்குத் தோன்றவில்லை. மறுநாள் நான் இரண்டு பனந்துண்டுகளை முட்டுக்கொடுத்து முன் அச்சைத் தூக்கி, கம்பியை இழுத்துப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரமாகக் கையால் திருப்பிப் பார்த்தேன். இரண்டும் அசையவில்லை. மோதின பிறகும் அந்த வயர் அப்படிப் பிடித்திருந்தது. யாரைக் கூப்பிட்டுக் காட்ட? புடவை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போய்விட்டேன்.

அந்த வண்டிக்காரரைப் பார்க்க நான்தான் போனேன். நீ சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாய். கருப்பட்டியும் முட்டையும் கொண்டுபோனேன். கால் நீட்டிக் கயிற்றுக்கட்டிலில் கிடந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனால், மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க சும்மா இருந்திருக்கலாம்லாம்மா. வயருல்லாம் ஆம்பள வேல. வீட்டுல சொல்லக் கூடாதா?" என்றார். உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் உன் பெயர். சொல்லாவிட்டால் என் பெயர். "ஆமா ஐயா, தெரியாமச் செஞ்சிட்டேன்" என்றேன். அதைத் தியாகம் என்று நினைத்துவிடாதே. எனக்கு அப்போது உன்மேல் பாசமே இல்லை. நீயாக வந்து சொல்லட்டும், அதுவரை வாயைத் திறப்பதில்லை என்கிற வைராக்கியந்தான். நீ வரவில்லை. வருஷம் போகப் போக அந்தப் பொய்யை நீயே நம்பிவிட்டாய் என்றுகூட எனக்குச் சந்தேகம். இல்லாவிட்டால் மெக்கானிக்கை வை என்று எழுதக் கை வருமா?

உன் அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டவரில்லை. காய்ச்சலில் கிடந்த கடைசி வாரத்தில்கூட, கிட்டங்கிச் சாவியைப் பற்றித்தான் பேசினார். ஒன்று மட்டும் செய்தார். அந்த விபத்துக்குப் பிறகு எங்கே கிளம்பினாலும், முன்பக்கத்து இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். நான் ஏறி உட்காருகிற வரை தன் பக்கம் போக மாட்டார். அதற்கு முன்னால் ஒரு நாளும் எனக்குக் கதவு திறந்துவிட்ட மனிதர் இல்லை. ஊர் பார்க்கத் திறந்துவிடுவார், ஊர் கேட்கச் சொல்ல மாட்டார். அது போதும் என்று நினைத்தார் போலிருக்கிறது. போதவில்லை. அவர் கல்லறையில் பூ வைக்கிறபோதும் நான் அதைச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்.

இனி அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயத்துக்குப் போயிருந்தபோது, நீ ஆண்களோடு பந்தலில் உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்தாய். வேப்பமரத்தடியில் நின்ற நம் காரைப் பார்க்க அவள் தானாகவே வந்தாள். டீச்சர் டிரெய்னிங் முடித்த பிள்ளை, கண்ணில் பட்டதையெல்லாம் கேட்கிறாள். "இது என்னத்துக்கு அத்தே?" என்று அந்தக் கம்பியைக் காட்டினாள். சொன்னேன். உட்கார்ந்து இழுத்துப் பார் என்றேன். கூச்சப்படாமல் ஏறி, இழுத்தாள். சின்னக் கை, ஆனால் பிடி நல்ல பிடி. பிறகு என்னைப் பார்க்காமல், மெதுவாக, "அன்னைக்கு இதுதான் பிடிக்கலையா அத்தே?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் கேட்டாள். ஒரு மனிதனின் காலை முடமாக்கின மாமியாருக்கு மருமகளாக வரப் போகிறோம் என்று தெரிந்தே, என் தோளில் கையை வைத்தாள். ஊரார் துப்பினதைத் தாங்கினேன், வண்டிக்காரர் சொன்னதைத் தாங்கினேன். அந்தப் பிள்ளை இரக்கப்பட்டதை என்னால் தாங்க முடியவில்லை, மகனே. அது எனக்கு வேண்டாம். அதை நீதான் அவளிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும்.

நேற்று நான் செய்ததைச் சொல்கிறேன், உன் மெக்கானிக் கேட்டால் சொல். முன் சக்கரம் இரண்டையும் தரையை விட்டுத் தூக்கினேன். உப்புக் காற்றில் துரு ஏறின வயரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, விளக்கெண்ணெய் விட்டேன். கம்பியைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், உள்ளே பிரேக் கட்டை உரசுகிற சத்தம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். கேட்கவில்லை, வலது பக்கம் முந்திக்கொண்டு பிடித்தது. அப்படியே ஓட்டினால் கம்பியை இழுக்கிறபோதெல்லாம் வண்டி வலது பக்கம் பாயும். இப்படி வந்தால், பிடிக்காத பக்கத்தைப் போட்டு முறுக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். அது தப்பு. முந்துகிற பக்கத்தை முதலில் தளர்த்திவிட வேண்டும். பிறகு இரண்டையும் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். நம் வீட்டில் எப்போதும் முறுக்கு வாங்கினது ஒரே பக்கந்தான், அதனால் இது எனக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். கடைசியில் கம்பி எந்த இடத்தில் வரும்போது சக்கரம் கவ்வ வேண்டும் என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். என் கைக்கு அது நன்றாகப் பின்னால் வந்த பிறகு பிடிக்கும். இப்போது அதை முன்னாலேயே பிடிக்கிற மாதிரி மாற்றிவிட்டேன். வேப்பமரத்தடியில் அவள் கைக்கு எந்த இடத்தில் பலம் இருந்தது என்று பார்த்துவைத்திருந்தேன்.

உனக்கு இரண்டு கையும் முழுசாக இருக்கிறது, நீயே மிதித்து நீயே இழுத்துக்கொள்ளலாம் என்பாய். இழுக்க முடியும். இழுப்பாய் என்று நான் நம்பவில்லை. அதனால் கல்யாணத்தன்று அவள் முன்சீட்டில் உட்காருவாள். நகை, புடவை, முக்காடு, சொந்தக்காரர் கேலி எதுவும் எனக்குக் காரணம் இல்லை. அவளைப் பின்னால் உட்காரவைக்க நினைத்தால் கார் இந்தக் கொட்டகையை விட்டு வெளியே வராது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. நான் பின்சீட்டில் வருகிறேன். அந்த இடம் எனக்குப் புதிதில்லை.

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. தடை உண்டா என்று கேட்பார்கள், நான் எழுந்திருக்க மாட்டேன், பயப்படாதே. அதற்குள் அவளிடம் நீ உள்ளதைச் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் நானும் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நாசரேத்திலிருந்து வருகிற ரோட்டில் எங்கேயாவது ஒரு ஆடோ மாடோ குறுக்கே வரும். நீ மிதிப்பாய், அவள் இழுப்பாள், வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். அவள் கம்பியைப் பார்ப்பாள், திரும்பி என்னைப் பார்ப்பாள், பிறகு உன்னைப் பார்ப்பாள். "நல்லாத்தானே பிடிக்கி? அப்போ அன்னைக்கு?" என்று கேட்பாள். கேட்கிற பிள்ளை அவள்.

நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பதிலை நீ சொல். அன்றைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வராதே.

உன் அம்மா